குழந்தை செடியைக் கடித்துவிட்டால்: சென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாடித்தோட்டம், பால்கனித் தொட்டி, அபார்ட்மென்ட் வாசலில் வரிசையாக நிற்கும் அழகுச்செடி என்று சென்னையில் இன்று செடி இல்லாத வீடு குறைவு. தவழ ஆரம்பித்த குழந்தையின் கைக்கு முதலில் எட்டுவதும் அந்தத் தொட்டிதான். மாடித்தோட்டம் போடும் அம்மாக்களும் தாத்தா பாட்டிகளும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, செடி வளர்ப்பவள். சிகிச்சையை மருத்துவர் பார்த்துக்கொள்வார். மருத்துவமனை வாசல் வரை நாம் செய்ய வேண்டியதும், செய்யவே கூடாததும்தான் இந்தப் பக்கத்தின் வேலை.

இப்போது அவசரத்தில் இருப்பவர்கள் முதல் நான்கு கேள்விகளை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

குழந்தை எதையோ பறித்து வாயில் போட்டுக்கொண்டது. இந்த நிமிடம் என்ன செய்வது?

வாயில் மிச்சம் இருக்கும் இலை, காய், விதையை வழித்து எடுங்கள். விரலைத் தொண்டை வரை விடாதீர்கள். கொப்பளிக்கத் தெரிந்த பிள்ளை என்றால் தண்ணீரில் கொப்பளித்துத் துப்பட்டும். கைக்குழந்தை என்றால் ஈரத்துணியால் நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் துடையுங்கள். கையையும் கழுவிவிடுங்கள். செடியின் பால் பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் அது தனித் தொல்லை.

அடுத்தது செடி. ஒரு சின்னக் கிளையை இலை, பூ, காயோடு ஒடித்து ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள். செடி முழுவதும் தெரிகிற மாதிரி செல்போனில் ஒரு படம் எடுங்கள். "ஏதோ பச்சைக் காய்" என்று சொல்வதைவிட அந்தக் கிளையை மேஜை மேல் வைப்பது மருத்துவருக்குப் பத்து மடங்கு உதவி. எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, ஏறக்குறைய எவ்வளவு, மென்றதா முழுங்கியதா என்பதையும் நினைவில் வையுங்கள். கூட விளையாடிய பிள்ளைகளிடமும் கேளுங்கள். ஒரு பிள்ளை தின்றிருந்தால் இன்னொன்றும் தின்றிருக்கும், பயத்தில் வாயைத் திறக்காது.

குழந்தை மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாய் வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். வலிப்பு வந்தால் கையில் சாவி, வாயில் ஸ்பூன் எல்லாம் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா? எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள்.

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

உப்புக் கரைசல் சின்னக் குழந்தையின் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றிவிடும். அதனாலேயே வலிப்பு வரலாம், உயிரே போகலாம். வாந்தி எடுக்கும்போது மூச்சுக்குழாயில் ஏறினால் நுரையீரல் கெடும். பால் வடியும் செடியென்றால் உள்ளே போகும்போது ஒரு முறை புண்ணாக்கியது, வெளியே வரும்போது இன்னொரு முறை தொண்டையைப் புண்ணாக்கும். சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல், முட்டையின் வெள்ளைக்கரு, தொண்டைக்குள் விரலை விட்டு ஓங்கரிக்க வைப்பது எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும். தானாக வாந்தி வந்தால் குனிய வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும்.

அடுப்புக்கரியை இடித்துக் கொடுப்பவர்களும் உண்டு. மருத்துவமனையில் கொடுப்பது அதற்கென்றே தயாரித்த செயலூட்டப்பட்ட கரி. வீட்டுக் கரிக்கு விஷத்தைப் பிடித்து வைக்கும் சக்தி கிடையாது.

பாட்டியிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். "நீங்க சொல்றது சரிதான் பாட்டி, ஆனா டாக்டர் வாந்தி எடுக்க வைக்கக் கூடாதுன்னுட்டாரு" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கூப்பிடுங்கள். வாதாடுவதற்கு அது நேரம் இல்லை.

சென்னையில் எங்கே கொண்டுபோவது?

எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை, சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வடசென்னைக்கு ஸ்டான்லி, பிறகு கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை. தாம்பரம், பல்லாவரம் பக்கம் இருப்பவர்களுக்குக் குரோம்பேட்டை அரசு மருத்துவமனை. தனியார் என்றால் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் இசிஜி வசதியும் இரவு பகலாக இருக்கும் இடமாகப் பாருங்கள். அந்த இடம் எது என்று இன்றைக்கே, எதுவும் நடக்காதபோதே, விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

பேர் பெற்ற மருத்துவமனைதான் வேண்டும் என்று ஓஎம்ஆரிலிருந்து நகரத்துக்குள் டிராஃபிக்கில் ஊர்ந்துகொண்டு வராதீர்கள். முதலில் பக்கத்தில் இருக்கும் இடத்தில் காட்டுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து ஆம்புலன்ஸில் மாற்றுவார்கள்.

புதுடில்லி எய்ம்ஸில் தேசிய நச்சுத் தகவல் மையம் 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணமில்லா எண் 1800 116 117. பெற்றோரும் பேசலாம், மருத்துவர்களும் பேசலாம். இதையும் 108-ஐயும் ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கும் அது அங்கே இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகலாமா?

எந்தச் செடி என்று நிச்சயமாகத் தெரிந்து, அது விஷமில்லாத செடியாக இருந்தால் வீட்டிலேயே இருங்கள். செம்பருத்தி இதழைத் தின்றதற்கெல்லாம் ஓட வேண்டியதில்லை. உண்மையில் குழந்தைகள் வாயில் போடும் இலைகளில் பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை.

செடியின் பெயர் தெரியவில்லை, அல்லது கீழே சொல்லும் அரளி, அடீனியம், குண்டுமணி, ஆமணக்கு, ஊமத்தை, செங்காந்தள் இவற்றில் ஒன்று என்றால் காத்திருக்காதீர்கள். அரளி தின்ற குழந்தை முதல் ஓரிரு மணி நேரம் ஓடியாடி விளையாடலாம். குண்டுமணி விஷம் தலைகாட்ட ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அறிகுறி வந்தபிறகு போவது என்று நினைத்தால் மருத்துவர் கையில் இருந்திருக்கக்கூடிய நேரத்தை நாமே தின்றுவிடுகிறோம்.

நம் ஊரில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?

மஞ்சள் அரளிக்கு. பொன்னரளி, தங்கரளி என்றும் சொல்வார்கள். ஒல்லியான பளபளப்பான இலை, குழல் மாதிரித் தொங்கும் மஞ்சள் பூ. பழைய தெருக்களில் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருக்கும், கோயில் நந்தவனத்தில் நிற்கும், பூங்கா வேலியோரமாகவும் இருக்கும்.

ஆளைக் கவிழ்ப்பது காய்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சைக் காய், நாலு மூலையாக, நடுவில் வரப்பு கட்டியதாக இருக்கும். நகத்தால் கீறினால் பால் கொட்டும். முற்றினால் கறுத்துச் சுருங்கிக் கீழே விழும். சதையைத் தேய்த்தால் உள்ளே மரம் மாதிரிக் கெட்டியான முக்கோணக் கொட்டை. கல்லால் தட்டினால் வெள்ளைப் பருப்பு. பிள்ளைகளுக்கு அது விளையாட்டுச் சாமான்: பொறுக்குவார்கள், பையில் போட்டுக் குலுக்குவார்கள், ஒருவன் உடைத்துப் பார்ப்பான். விஷம் அதிகம் செறிந்திருப்பது அந்தப் பருப்பில். கசப்பு அதிகம் என்பதால் பெரும்பாலான பிள்ளைகள் உடனே துப்பிவிடுகிறார்கள். அந்தக் கசப்புதான் நம் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் துப்பியது போக எவ்வளவு உள்ளே போனது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் மென்றது ஒரே ஒரு பருப்பு என்றாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

சிவப்பு, ரோஸ், வெள்ளை நிறங்களில் பூக்கும் சாதாரண அரளியும் இதே குணம்தான். இலை, பூ, பட்டை, வேர் எல்லாவற்றிலும் விஷம். ஜிஎஸ்டி ரோட்டில் நடுத்தடுப்பு நெடுக அதைத்தான் வைத்திருக்கிறார்கள்: தண்ணீர் அதிகம் கேட்காது, புகையைத் தாங்கும், மாடு வாய் வைக்காது. மாடு ஏன் வாய் வைப்பதில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அரளி விஷம் உடம்பில் என்ன செய்கிறது? மருந்து உண்டா?

இதயத்தைத் தாக்குகிறது. இதயத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்ப் இருக்கிறது. அரளியில் இருக்கும் கார்டியாக் கிளைக்கோசைடு என்ற விஷப்பொருள் அந்தப் பம்பை அடைத்துவிடும். இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் டிஜாக்சின் மாத்திரையும் இந்தக் குடும்பம்தான். முதலில் வாந்தி, வயிற்றுவலி, பேதி, சோர்வு. பிறகு நாடித்துடிப்பு குறையும், தாறுமாறாகும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். வாந்தியும் பேதியும் "ஏதோ ஃபுட் பாய்சன்" என்று நினைக்க வைத்துவிடும். அங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

மருத்துவமனையில் இசிஜி எடுப்பார்கள், பொட்டாசியம் பார்ப்பார்கள், குறைந்தது ஒரு நாளாவது மானிட்டரில் வைத்திருப்பார்கள். துடிப்பு குறைந்தால் அதைக் கூட்ட அட்ரோபின் என்ற மருந்து, அதற்கும் சரிவரவில்லை என்றால் தற்காலிக பேஸ்மேக்கர். குழந்தை தெளிவாக இருக்கிறது என்று பாதியில் கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். துடிப்பு தடம் மாறுவது தாமதமாகவும் வரும்.

முறிமருந்து உண்டு. டிஜாக்சினுக்காகவே தயாரிக்கப்படும் எதிர்ப்புப் புரதம் மஞ்சள் அரளிக்கும் வேலை செய்கிறது என்று இலங்கையில் நடந்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. விலை மிக அதிகம், நம் நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை. திரும்பத் திரும்பக் கரி கொடுப்பது பற்றியும் அங்கே இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. 2003-இல் வந்தது பலன் உண்டு என்றது, 2008-இல் வந்தது வித்தியாசம் தெரியவில்லை என்றது. ஆகவே கரி கொடுப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர்தான் நேரத்தைப் பார்த்து முடிவு செய்வார். சீக்கிரம் போய்ச் சேர்வது ஒன்றுதான் நம் கையில் இருப்பது.

சாமிக்கு அரளிப்பூ போடுகிறோம். அதையும் நிறுத்த வேண்டுமா?

மாலையாகப் போடுவதில் தப்பில்லை. பிரசாதத்தோடு கலப்பதுதான் பிரச்சினை. கேரளத்தில் இளம்பெண் ஒருவர் அரளி இலையை மென்றதால் இறந்ததாகச் சந்தேகம் எழுந்தபின், 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தது. நம் வீட்டிலும் அதையே செய்யலாம். பூஜைத் தட்டில் சர்க்கரைப் பொங்கலும் கல்கண்டும் இருக்கிற இடத்தில் அரளி உதிர்ந்து கிடக்க வேண்டாம். பிரசாதத்தின் மேல் வைக்கத் துளசி இருக்கிறது, மல்லி இருக்கிறது.

இன்னொன்று. இட்லிப்பூவைப் பறித்து அடியில் தேன் உறிஞ்சாத பிள்ளை நம் ஊரில் இல்லை. இட்லிப்பூ பாதுகாப்பானது. ஆனால் அந்தப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு மஞ்சள் அரளியின் குழலும் தேன் இருக்கிற பூவாகத்தான் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி வித்தியாசம் சொல்லிக் கொடுங்கள்.

எங்கள் மாடியில் அடீனியம் நிறைய இருக்கிறது. அதுவுமா?

ஆமாம். பருத்த அடித்தண்டும் அடுக்குப் பூவுமாகச் சென்னை வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான செடி கிடையாது. நானும் வைத்திருக்கிறேன். ஆனால் இது அரளிக்கு நெருங்கிய உறவு, இதன் பாலிலும் இதயத்தைத் தாக்கும் அதே வகை விஷம் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் தடவப் பயன்படுத்தியது இந்தச் செடிதான். கைப்பிடிச் சுவரின் மேலோ உயரமான ஸ்டாண்டிலோ வையுங்கள். கிளை வெட்டும்போது கையுறை போடுங்கள், வெட்டிய துண்டுகளைத் தரையில் விடாதீர்கள். நர்சரியில் இதை வாங்கும்போது "குழந்தை இருக்கிற வீடா?" என்று ஒரு வார்த்தை கேட்கும் கடைக்காரரை நான் பார்த்ததில்லை. தொட்டியில் விலையை ஒட்டுகிறவர்கள் விஷம் என்றும் ஒரு சீட்டு ஒட்டலாம்.

ஹாலில் இருக்கும் பெரிய இலைச் செடியைக் கடித்ததும் குழந்தை அலறி அழுகிறது, எச்சில் ஒழுகுகிறது. விஷமா?

பச்சையும் வெள்ளையும் கலந்த அகலமான இலை என்றால் பெரும்பாலும் டிஃபன்பாக்கியா. மணி பிளான்ட், அக்லோனிமா, பிலோடென்ட்ரான், சிங்கோனியம், பீஸ் லில்லி எல்லாம் இதே குடும்பம். சேப்பங்கிழங்கும் இந்தக் குடும்பம்தான். அதை நறுக்கும்போது கை அரிப்பதும் சரியாக வேகாவிட்டால் நாக்கு அரிப்பதும் ஏனோ, இதுவும் அதனால்தான்: கால்சியம் ஆக்சலேட் படிகங்கள், கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக வாய்க்குள் குத்தி நிற்கின்றன. டிஃபன்பாக்கியாவில் அது பல மடங்கு கடுமை.

கடித்த நொடியிலேயே எரிவதால் குழந்தை அதற்கு மேல் தின்னாது. அதனால் உயிருக்கு ஆபத்து அரிது. வாயைத் துடைத்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீர், பால் அல்லது தயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பெரிய பிள்ளைக்கு ஐஸ் துண்டை உறிஞ்சக் கொடுக்கலாம். உதடும் நாக்கும் வீங்கும், எரிச்சல் மெல்லத் தணியும். எச்சிலை விழுங்க முடியாமல் தவித்தாலோ, குரல் மாறினாலோ, மூச்சு இழுக்கும் சத்தம் வந்தாலோ தொண்டை வீங்குகிறது என்று அர்த்தம். அப்போது தயிர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கூட்டமாக ஏதோ காயைத் தின்று ஆஸ்பத்திரியில் சேர்த்ததாகச் செய்தி வருகிறதே, அது எது?

பெரும்பாலும் காட்டாமணக்கு. மாடு தின்னாது என்பதால் புறநகரில் காலிமனைக்கும் மைதானத்துக்கும் வேலியாக நிற்கும். அரளி கசக்கும் என்றேன், இது அதற்கு நேர்மாறு. விதை கடலைச் சுவையாக இருக்கும். அதனால் ஒரு பிள்ளை தின்று "நல்லா இருக்குடா" என்று இன்னொன்றுக்குக் கொடுக்க, கூட்டமாகத் தின்கிறார்கள். ஓரிரு மணி நேரத்தில் தொண்டை எரிச்சல், அடுக்கடுக்காக வாந்தி, பேதி. உடம்பில் தண்ணீர் வற்றிப்போவதுதான் பெரிய ஆபத்து. மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றி உப்புச்சத்தை ஈடுகட்டினால் பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரு நாளில் தேறிவிடுகிறார்கள்.

பள்ளி நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள்: மைதானத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வேலியில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். காட்டாமணக்கு நின்றால் காய் பிடிக்கும் முன்பே வெட்டுங்கள்.

இதன் உறவான ஆமணக்கு வேறு ரகம். அந்தப் புள்ளி போட்ட வழவழப்பான விதையில் ரிசின் என்ற விஷம் இருக்கிறது. முழுசாக விழுங்கியது அப்படியே வெளியேறிவிடலாம், மென்றால் ஆபத்து. சிவப்பு இலை ஆமணக்கை அழகுக்காகவும் வளர்க்கிறார்கள். குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம்.

பிள்ளையாருக்குக் கண் வைக்கும் குண்டுமணி ஆபத்தா?

ஆபத்துதான். விநாயகர் சதுர்த்திக்கு மயிலாப்பூர் மாட வீதியில் களிமண் பிள்ளையார் வாங்கிவருவோம், இரண்டு கண்ணாகக் குண்டுமணி பதித்திருப்பார்கள். சிவப்பு உடம்பு, கறுப்பு மூக்கு. பிள்ளைகளை அப்படி இழுக்கும் நிறம். மண் காய்ந்ததும் கண் கழன்று விழும், மணையைச் சுற்றித் தரையில் உருளும். பல்லாங்குழிக்குக் குண்டுமணி போட்டு ஆடும் வீடுகளும் இருக்கின்றன.

உள்ளே இருக்கும் அப்ரின் மிகக் கொடிய விஷம். தோல் கெட்டி என்பதால் முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் கரையாமல் வெளியே வந்துவிடும். கடித்திருந்தாலோ, மணி கோக்கத் துளை போட்டிருந்தாலோ விஷம் வெளிப்படும். முறிமருந்து கிடையாது. வாந்தி, ரத்தம் கலந்த பேதி என்று தொடங்கி மற்ற உறுப்புகளுக்கும் போகலாம். ஆகவே மென்றதா இல்லையா என்று தெரியாவிட்டால் மென்றதாகவே வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பிள்ளையாரைக் கரைக்கும் முன் கண் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தேடி எடுங்கள். பல்லாங்குழிக்குச் சோழி போதும், ஆனால் வாயில் போடும் வயதுக் குழந்தைக்கு அதுவும் தொண்டையில் அடைக்கும். முழுக்கச் சிவப்பாக இருக்கும் ஆனைக்குண்டுமணி வேறு மரத்து விதை. அது இந்த அளவு விஷமில்லை.

அதே பூஜைக்கு 21 வகை இலை வாங்குகிறோம். அதில் ஊமத்தையும் அரளியும் எருக்கும் இருக்கின்றன. அர்ச்சனை முடிந்ததும் எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள். மறுநாள் வரை மணை அடியில் கிடக்க வேண்டாம்.

ஊமத்தை தின்றால் எப்படித் தெரியும்?

முகம் சிவக்கும், உடம்பு அனலாகச் சுடும், ஆனால் வியர்க்காது. வாய் வறண்டு, கண் பாவை விரிந்து, வெளிச்சம் கூசும். சிறுநீர் போகாது. இல்லாததைப் பார்த்துப் பேசும், காற்றில் எதையோ பிடிக்கும், ஆட்களை அடையாளம் தெரியாமல் முழிக்கும். முள்காயை உடைத்தால் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன விதைகளைப் பிள்ளைகள் தின்பதுதான் வழக்கமான காரணம். மருந்தாகக் கொடுக்கும் அதே அட்ரோபினும், ஸ்கோபோலமினும் அளவு தெரியாமல் அதில் இருக்கின்றன. ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி ஒன்றிரண்டு நாள் கூட நீடிக்கும்.

இந்தக் கோலத்தைப் பார்த்துக் காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்லாயிருந்த குழந்தை திடீரென்று பிதற்றினால், அதற்கு முன் எங்கே விளையாடியது என்று விசாரியுங்கள். காலிமனையில் ஊமத்தை நின்றால் ஒரு காயைப் பறித்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

செங்காந்தள் நம் மாநில மலர். அதை வீட்டில் வைக்கலாமா?

குழந்தை வளரும் வரை வேண்டாம் என்பேன். கார்த்திகையில் தீ எரிவதாகப் பூக்கும் கொடி, அழகுக்குக் குறைவில்லை. ஆனால் கிழங்கிலிருந்து விதை வரை கொல்கிசின் என்ற விஷம் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று சொல்வது அதன் கிழங்கைத்தான். தொட்டியை மாற்றும்போது அதைத் தோண்டி வெளியே வைத்தால் சமையலுக்கு வாங்கிய கிழங்கு என்று பெரியவர்களே ஏமாறலாம். சில மணி நேரம் கழித்துக் கடும் வாந்தி பேதி தொடங்கும், பிறகு எலும்பு மஜ்ஜை வரை பாதிக்கும். பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் தலைமுடி கொட்டும்.

செடியின் பால் கண்ணில் பட்டுவிட்டது.

ஓடும் குழாய்த் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கண்ணைத் திறந்து பிடித்துக் கழுவுங்கள். கைக்குழந்தையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு குவளையால் ஊற்றலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம். எருக்கம்பால் பட்டால் வலி பெரிதாக இல்லாமலே கருவிழி வீங்கிப் பார்வை மங்கும், அதனால் அழவில்லை என்று விட்டுவிடாதீர்கள். திருகுக்கள்ளிப் பால் கடுமையாக எரியும். இரண்டுக்கும் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வேலியில் இருக்கும் டுரான்டா, உண்ணிச்செடி, சைகஸ்?

டுரான்டாவின் மஞ்சள் மணிக்காய்கள் விஷம். அடிக்கடி கத்தரித்துக்கொண்டே இருந்தால் காய் பிடிக்காது, தோட்டக்காரரிடம் சொல்லிவையுங்கள். உண்ணிச்செடியின் கறுத்த பழத்தைக் கிராமத்தில் தின்று வளர்ந்தவர்கள் நிறையப் பேர், பச்சைக் காய்தான் ஆபத்து. சைகஸின் கொட்டைகள் கல்லீரலைக் கெடுக்கும், பெரிய அபார்ட்மென்ட்களில் காய் தெரிந்தால் உடனே எடுத்துவிடச் சொல்லுங்கள். நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்தே எடுக்கிறார்கள், ஒரு இதழைக் கடித்ததற்குப் பதற வேண்டாம், பிடிபிடியாகத் தின்னக் கூடாது.

உண்மையைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

விஷம் சம்பந்தப்பட்டது என்றால் மருத்துவமனையில் ஏ.ஆர். என்ட்ரி, அதாவது விபத்துப் பதிவேட்டில் பதிவு, போடுவது நடைமுறை. காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், ஒருவர் வந்து என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வார். குழந்தை விளையாடும்போது தவறுதலாகத் தின்றது என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். இந்தப் பயத்தில் "வயிற்றுப்போக்கு" என்று மட்டும் சொல்லி அரளியை மறைப்பதைவிடப் பெரிய கெடுதல் குழந்தைக்கு இல்லை. இசிஜி எடுக்கவே யாருக்கும் தோன்றாது.

கேஸ் என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட யாருக்கும் உரிமை இல்லை. உயிர் காக்கும் சிகிச்சை முதலில், சட்ட நடைமுறை பிறகு என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசு, தனியார் எல்லா மருத்துவர்களுக்கும் அது பொருந்தும்.

குழந்தை இருக்கும் வீட்டில் எதைத்தான் வைப்பது?

செம்பருத்தி, மல்லி, ரோஜா, இட்லிப்பூ, கனகாம்பரம், துளசி, கற்பூரவல்லி, கறிவேப்பிலை. வீட்டுக்குள் வைக்க அரிக்கா பாம், ஸ்பைடர் பிளான்ட். சென்னை வெயிலையும் தாங்கும், குழந்தை ஒரு இலையைக் கிள்ளித் தின்றாலும் பரவாயில்லை. ஒன்றை மறக்க வேண்டாம்: பூச்சிமருந்து அடித்திருந்தால் எந்தச் செடியும் விஷச்செடிதான்.

மற்றதையெல்லாம் பிடுங்கி எறிய நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் மாடியிலும் வாசலிலும் இருக்கிற ஒவ்வொரு செடிக்கும் பெயர் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தெரியாததைப் படம் எடுத்து நர்சரிக்காரரிடம் காட்டி, "அண்ணா, இது பேர் என்ன, பால் வருமா?" என்று கேளுங்கள். பெயரைச் சீட்டில் எழுதித் தொட்டியில் குத்திவையுங்கள். நள்ளிரவில் மருத்துவர் போனில் கேட்கும்போது அந்தச் சீட்டு பதில் சொல்லும்.

விளையாடும் இடத்தில் மஞ்சள் அரளி நிற்கிறது. அசோசியேஷன் வெட்டச் சம்மதித்துவிட்டது. எப்படி அகற்றுவது?

வெட்டுபவருக்குக் கையுறை, முழுக்கைச் சட்டை கொடுங்கள், கண்ணில் பால் தெறிக்காமல் கண்ணாடியும். முதலில் கீழே விழுந்த காய், கொட்டை எல்லாவற்றையும் பெருக்கி எடுங்கள், மழை பெய்தால் அதிலிருந்தே கன்று முளைக்கும். அடிவேர் வரை எடுக்காவிட்டால் மறுபடி துளிர்க்கும். வெட்டியதை அங்கேயே போட்டுக் கொளுத்தக் கூடாது, அந்தப் புகையே கெடுதல். தெருமுனையில் குவித்து வைத்தால் வாடிய இலையைத் தெருவில் திரியும் மாடு தின்றுவிடும், பச்சையில் ஒதுக்கியதைக் காய்ந்தபிறகு அது ஒதுக்காது. மூட்டை கட்டித் தோட்டக் கழிவு என்று சொல்லி மாநகராட்சி வண்டியில் தனியாகக் கொடுங்கள்.